தாலி எடுத்துக் கொடுக்க வந்தவர்

கோபப்படுகிற ஆளைச் சமாளித்துவிடலாம். திட்டுகிறவனுக்குத் திருப்பிக் கொடுக்க நம்மிடமும் நாலு வார்த்தை இருக்கும். அமைச்சரோ சிரித்துவிட்டார். சுருளியாண்டியைப் பயமுறுத்தியது அந்தச் சிரிப்புதான்.

அமைச்சரின் ஃபோன் வந்தபோது சுருளியாண்டி மில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜான் பீட்டர். சுருளியாண்டி ஆளும் கட்சித் தொழிற்சங்கத்தின் மில் கிளைச் செயலாளர், ஜான் பீட்டர் பொருளாளர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருவருக்கும் அதே கடை, அதே பெஞ்சு.

“அண்ணே, இந்த ஸ்ட்ரைக்க ஒரு மாசம் தள்ளி வைக்கக் கூடாதா? பக்கத்துத் தொகுதியில இடைத்தேர்தல் வருதுல்ல. நம்ம ஆட்சியில நம்ம சங்கமே மில்ல மறிச்சு நிக்குதுன்னா டிவிக்காரன் சும்மா இருப்பானா?” என்றார் அமைச்சர்.

“முடியாதுங்கய்யா. பொதுக்குழுவில எல்லாரும் கை தூக்கி எடுத்த முடிவு. நான் ஒருத்தன் மாத்துறதுக்கில்ல.”

திட்டு விழப்போகிறது என்று சுருளியாண்டி ஃபோனைக் காதிலிருந்து லேசாகத் தள்ளிப் பிடித்தார். வந்ததென்னவோ சிரிப்பு.

“சரி விடுங்கண்ணே. ஞாயித்துக்கெழமை பாப்பா கல்யாணத்துக்கு வர்றேன்ல, அங்கன பேசிக்கிருவோம்.”

ஃபோன் அடங்கியது. ஜான் பீட்டர் டீயைக் கீழே வைத்துவிட்டு, “என்னண்ணே சொன்னாக?” என்று கேட்டார். சுருளியாண்டி சொன்னார். “கல்யாணத்துல என்னத்தப் பேசுறது?” என்றார் ஜான் பீட்டர். சுருளியாண்டி டீக்குக் காசை எடுத்து வைத்தார்.

விஷயம் இதுதான். சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை போகிற ரோட்டில் இருக்கும் அந்த நூல் மில்லில் இதுவரை எட்டு மணி நேர ஷிப்ட். உழைக்கிறவனின் கட்சி என்று சொல்லி ஓட்டு வாங்கிய சமதர்ம முன்னேற்ற இயக்கம் ஆட்சிக்கு வந்தது. வந்து என்ன செய்தது? மில்காரர்கள் விருப்பப்பட்டால் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிக்கொள்ளலாம் என்று ஓர் ஆணை போட்டது. அடேயப்பா, வேறு எந்தக் கட்சி போட்டிருந்தாலும் இதே இயக்கம் தேனிக்கும் கம்பத்துக்கும் இடையில் ஒரு பஸ் ஓட விட்டிருக்காது! மில்லில் ஒரு வாரம் சோதனை ஓட்டம் விட்டார்கள். அந்த வாரத்தில் ரோஸ்லின் என்கிற பெண், கண் சொருகி, வலது கையைப் பஞ்சு சீவுகிற கார்டிங் மெஷினுக்குள் விட்டுவிட்டாள். இரண்டு விரல் போனது. பொதுக்குழுவில் அவள் கட்டுப் போட்ட கையைத்தான் தூக்கினாள். அதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் எப்படித் தூக்காமல் இருப்பார்கள்? திங்கட்கிழமை காலையிலிருந்து வேலைநிறுத்தம் என்று முடிவானது.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, சுருளியாண்டி மகள் நதியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கார்த்திக்ராஜும் அதே மில்லில் வேலை பார்க்கிறவன்தான். தலைமை, அமைச்சர்.

இயக்கத்துக் குடும்பங்களில் இது ஒரு வழக்கம். ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது. கட்சிப் பெரியவர் ஒருவர் மேடையேறி மைக்கைப் பிடித்துப் பேசுவார், தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுப்பார், கல்யாணம் முடிந்தது. சுருளியாண்டி கல்யாணத்தில் அப்படிப் பேச வந்தவர் உலக வரலாற்றை ஆரம்பத்திலிருந்து தொடங்கி, பந்தியில் சோறு ஆறிப்போகும்வரை பேசினார். அவர் மனைவி மாரீஸ்வரி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். சாமி கும்பிடாத இயக்கம்தான், ஆனாலும் மாரீஸ்வரி காலண்டரில் நல்ல நேரம் பார்க்காமல் மகள் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கவில்லை. அமைச்சர் தேதி கொடுத்தது ஸ்ட்ரைக் பேச்சே எழாத காலத்தில். பத்திரிகையில் நதியா பெயரைவிட அமைச்சர் பெயர் பெரிசாக அச்சாகியிருந்தது.

ஃபோன் வந்த அன்று ராத்திரி ஜான் பீட்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். ராயப்பன்பட்டியிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்திருந்த மனுஷன், உட்காரக்கூட இல்லை.

“அண்ணே, அமைச்சர் வேணாம். ஏதாவது காரணம் சொல்லி நிப்பாட்டிப்புடுங்க. நம்ம ரோஸ்லின விட்டுத் தாலி எடுத்துக் குடுக்கச் சொல்லுவோம். இல்ல, பொண்ணப் பெத்தவரு நீங்களே குடுங்க. அந்தாளு சிரிச்சது எனக்குப் பிடிக்கல.”

“பத்திரிகை குடுத்து முடிச்சாச்சுப்பா. வர்றவரை வேணாம்னு சொன்னா மாப்பிள்ள வீட்டுல என்ன நெனைப்பாக? சங்கம் வேற, வீட்டு விசேசம் வேற. அவருக்கு அது தெரியாதா?”

“அவருக்குத் தெரியும்ணே. தெரிஞ்சுதான் சிரிச்சிருக்காரு.”

“ஏலே, நான் இயக்கத்துல கொடி பிடிச்சப்ப அவரு டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சவரு. என்னைய மேடையில வச்சு அவமானப்படுத்திருவாரா?” என்று சுருளியாண்டி குரலை உயர்த்தினார். அவமானப்படுத்துவார் என்று ஜான் பீட்டர் சொல்லவே இல்லை. உள்ளே குறுகுறுத்தது இவருக்குத்தான். ஆனால் அமைச்சர் கையால் மகளுக்குத் தாலி என்கிற பெருமை இருக்கிறதே, அது லேசில் விடுகிற சனியனா?

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்துக்குப் போனபோது சுருளியாண்டிக்குத் தான் வேறு யாரோ கல்யாணத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. ரோட்டின் இரண்டு பக்கமும் இயக்கக் கொடிகள். மண்டப வாசலை மறைத்து ஒரு பிளெக்ஸ். அதில் கட்சித் தலைவர், அமைச்சர், அவர்களுக்குக் கீழே ஒன்றியச் செயலாளர் சுந்தர்ராஜ். பொண்ணு மாப்பிள்ளை ஒரு மூலையில் தபால் தலை அளவுக்கு இருந்தார்கள். சங்கத்து ஆட்கள் கட்டியிருந்த பேனரைக் கழற்றிச் சுருட்டி, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தார்கள்.

சுந்தர்ராஜ் மேடையில் நின்று மைக் செட்காரனிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். இதுவரை ஒரு சங்கக் கூட்டத்துக்கும் அவர் நிழல்கூட வந்ததில்லை.

“வாங்கண்ணே வாங்க! அமைச்சர் அரை மணி நேரம் முன்னாடியே வர்றாக. எல்லாம் நம்ம பொறுப்பு, நீங்க ஒண்ணும் கவலப்படாதீக.”

“வாழ்த்துரைக்கு ஜான் பீட்டர் பேரு இருக்குல்ல?”

“நேரம் பத்தாதுண்ணே. அமைச்சர் மட்டும்தான் பேசுறாக.”

“சரி. நன்றியுரை நான் சொல்லணும்.”

சுந்தர்ராஜ் அவர் தோளில் கை போட்டார். “பொண்ணு வீட்டுக்காரு பந்தியப் பாக்குறதா, மைக்கப் பிடிக்கிறதா? நன்றி நான் சொல்லிக்கிறேன்ணே. நீங்க சும்மா மேடையில நில்லுங்க, அது போதும்.”

நன்றி சொல்லக்கூடத் தன் வீட்டுக் கல்யாணத்தில் தனக்கு இடம் இல்லை என்பது சுருளியாண்டிக்கு விளங்கியது. பந்தல் போட்டாயிற்று, சமையல்காரர் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாயிற்று. இனிமேல் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? வாசலில் போலீஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது. அமைச்சர் வருகிற இடத்தில் போலீஸ் வருவது வழக்கம்தான் என்று மாரீஸ்வரியிடம் சொன்னார். அவளிடம் சொன்ன அளவுக்கு அவர் நம்பவில்லை.

ஞாயிறு காலை ராத்திரி ஷிப்ட் முடித்த ஆட்கள் நேராக மண்டபத்துக்கு வந்தார்கள். குளித்துச் சட்டை மாற்றியும் சிலர் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. முன்வரிசை நாற்காலிகளில் எல்லாம் கரை வேட்டிகள். மில் ஆட்களைப் பின்னால் போகச் சொல்லிவிட்டார்கள். ரோஸ்லின் ஒரு தூணோரம் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முன்வரிசையில் நடுநாயகமாக இருந்த ஆளைப் பார்த்ததும் சுருளியாண்டிக்கு வேர்த்துவிட்டது. மில் மேனேஜர்! பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, ஏதோ சொந்தத் தாய்மாமன் மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் நாலு டிவி கேமராக்கள் வேறு.

சுந்தர்ராஜைப் பிடித்து, “அவர யாரு கூப்பிட்டா?” என்று கேட்டார்.

“நாந்தான். கல்யாண வீட்டுல பகை பாக்கலாமா?”

“டிவிக்காரங்களையும் நீங்கதான் கூப்பிட்டீகளா?”

சுந்தர்ராஜ் காதில் விழாத மாதிரி வாசலைப் பார்த்து ஓடினார். அமைச்சரின் கார் வந்துவிட்டது.

அமைச்சர் எல்லாரையும் விட்டுவிட்டு நேரே சுருளியாண்டியிடம் வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். மேடையில் ஏறினதும் இவருக்குச் சால்வை போர்த்தினார். போர்த்திய கையோடு இவருடைய வலது கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. கேமராக்கள் பளிச் பளிச்சென்று அடித்தன. கையை உருவிக்கொள்ளலாம் என்று ஒரு தடவை முயன்று பார்த்தார் சுருளியாண்டி. அமைச்சர் இன்னும் அன்பாக இறுக்கினார்.

தேங்காய் மேல் வைத்த தாலி தட்டில் சபையைச் சுற்றி வந்தது. எல்லாரும் தொட்டுக் கொடுத்தார்கள். மேடைக்குத் தட்டு வந்ததும் அமைச்சர் இடது கையால் தாலியை எடுத்துக்கொண்டு, மைக்குக்கு முன்னால் போனார். சுருளியாண்டியையும் இழுத்துக்கொண்டுதான் போனார். நதியாவும் கார்த்திக்ராஜும் மணையில் மாலையோடு நிமிர்ந்து பார்த்தார்கள்.

“இந்த இயக்கம் உழைக்கிறவன் வியர்வையில வளர்ந்த இயக்கம்” என்று ஆரம்பித்தார். கைதட்டல். சுருளியாண்டி சிறைக்குப் போனதைச் சொன்னார். லத்தியடி பட்டதைச் சொன்னார். எல்லாம் உண்மை. ஒவ்வோர் உண்மைக்கும் கைதட்டினார்கள். புகழப் புகழ சுருளியாண்டிக்குப் பயம்தான் ஏறியது. ஆட்டுக்கு மாலை போடுகிறவன்கூட இவ்வளவு அன்பாகப் போடமாட்டான்.

“இப்பேர்ப்பட்ட அண்ணன் வீட்டுக்கு வந்துட்டு நான் வெறுங்கையோட போகலாமா? அண்ணன் எனக்கு ஒரு சீர் தரணும். நாளைக்கு ஆரம்பிக்கிறதா இருந்த வேலைநிறுத்தத்த வாபஸ் வாங்கி, இந்த ஆட்சிக்கு அவரு பேர் வாங்கிக் குடுக்கணும். கேட்டா மாட்டேன்னு சொல்ற மனசா அவருக்கு? என்னண்ணே, சரிதான?”

சபை சிரித்தது. முன்வரிசைதான் சிரித்தது. பின்னால் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

சுருளியாண்டி வாயைத் திறந்தார். “ஐயா, அது பொதுக்குழு…” மைக் அமைச்சர் பக்கம் திரும்பியிருந்தது. அவர் சொன்னது நாலு பேருக்குக்கூடக் கேட்டிருக்காது. அமைச்சர் காதைக் கொடுத்துக் கேட்பதுபோல் குனிந்தார். நிமிர்ந்து மைக்கில், “அண்ணனுக்குச் சந்தோசத்துல பேச்சு வரல!” என்றார். மறுபடி சிரிப்பு.

“பேச வேணாம்ணே. லேசாத் தலைய ஆட்டுங்க போதும். நீங்க ஆட்டுன உடனே தாலி மாப்பிள்ள கைக்குப் போயிரும்.”

விளையாட்டாகத்தான் சொன்னார். விளையாட்டாகத்தான் தாலியைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் கயிறு அவர் விரலில் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் கொடுக்கவில்லை. நின்றார். சிரித்துக்கொண்டே நின்றார். மேளக்காரர் குச்சியை ஓங்கிப் பிடித்தபடி அமைச்சரையும் சுருளியாண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா கையில் அட்சதையோடு நின்று, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் விழித்தாள். மாரீஸ்வரி பின்னால் வந்து, “நல்ல நேரம் முடியப் போகுதுங்க” என்று கிசுகிசுத்தாள். பாவம், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இல்லை என்று ஒரு சொல். கத்திச் சொன்னால் மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும், கேட் மீட்டிங்கில் கத்திப் பழகின தொண்டைதானே. சொன்னால் என்ன ஆகும்? இந்த ஆள் தாலியைத் தட்டில் போட்டுவிட்டு இறங்கிப் போவான். கரை வேட்டிகள் எல்லாம் எழுந்திருக்கும். தாலி ஏறாத பிள்ளை மணையில் உட்கார்ந்திருக்க, மண்டபத்தில் நாற்காலிகள் பறக்கும். அதை நாலு டிவி படம் பிடிக்கும். சொல்லாவிட்டால் நாளைக்கு மில்லில் நூற்றுக்கணக்கான பேரும் பன்னிரண்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்பார்கள்.

மகளைப் பார்த்தார். நதியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறையத் தண்ணீர். தலையை லேசாக அசைத்தாள். மாலையின் கனத்தில் அசைந்ததா, வேண்டுமென்றே அசைத்தாளா, தெரியவில்லை. ‘அப்பா, முடிச்சு விடுங்கப்பா, இத்தனை பேர் முன்னால என்னை உட்கார வைக்காதீங்க’ என்று பிள்ளை கெஞ்சுகிறாள். அப்படித்தான் அவர் எடுத்துக்கொண்டார். பெற்ற மனசு, வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்?

சுருளியாண்டி தலையை ஆட்டினார்.

கெட்டிமேளம் கொட்டியது. மேனேஜர்தான் முதலில் எழுந்து கைதட்டினார். தாலி மாப்பிள்ளை கைக்குப் போனது. அமைச்சர் இவர் கையை அப்போதுதான் விட்டார். விட்ட இடத்தில் விரல் தடம் சிவந்திருந்தது.

மில் ஆட்கள் சண்டை போடுவார்கள், எழுந்து போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. வரிசையில் நின்று வந்து மணமக்களை வாழ்த்தினார்கள். பந்தியில் உட்கார்ந்து அமைதியாகச் சாப்பிட்டார்கள். ரோஸ்லின் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவர் கிட்டே போனதும் நிமிர்ந்து, “சாப்பாடு நல்லா இருக்குண்ணே” என்றாள். அவ்வளவுதான். நாலு பேர் சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவருக்கு. அங்கே நிற்க முடியாமல் சமையல் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

ஜான் பீட்டர் சாப்பிடவில்லை. கொட்டகைக்குப் பின்னால் தென்னை மரத்தடியில் நின்றிருந்தார்.

“காலையில கேட்டுல நின்னு, நான் ஒத்துக்கலன்னு சொல்லிருறேன்ப்பா. அது மேடைக்காகத் தலையாட்டுனது” என்றார் சுருளியாண்டி.

“சொல்லுங்க. நானும் கூட நிக்கிறேன். ஆனா யாரு நம்புவா? டிவியில ஓடிக்கிட்டு இருக்குண்ணே. உங்க தலை ஆடுறத மட்டும் திருப்பித் திருப்பிப் போடுறான். சூப்பர்வைசர்மாரு இப்பவே வீடு வீடா ஃபோன் போட்டு, ஆறு மணிக்கு வந்துருங்க, உங்க செயலாளரே சொல்லிட்டாருன்னு சொல்றாக. பாதிப் பேரு வர்றேன்னுட்டான்.”

“மீதிப் பேரு?”

“மீதிப் பேரு எங்கிட்டக் கேக்குறாக, அண்ணன் எவ்வளவு வாங்குனாருன்னு.”

சுருளியாண்டி தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டார். லத்தியடி வாங்கின நாளில் அவருக்கு இப்படி வலித்ததில்லை. ஜான் பீட்டருக்கும் மனசு கேட்கவில்லை. தோளைத் தொட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளையை அனுப்பி வைக்கிற நேரம். வேன் வாசலில் வந்து நின்றது. கொடிகளை எல்லாம் அதற்குள் கழற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அடுத்த ஊரில் அமைச்சருக்கு வேறொரு நிகழ்ச்சி.

கார்த்திக்ராஜ் கையில் ஃபோனை வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தான். “மாமா, எனக்கு நாளைக்குக் காலையில ஆறு மணி ஷிப்ட் போட்டுருக்காக. பன்னெண்டு மணி நேரம். லீவு கிடையாதாம்.”

“கல்யாண மாப்பிள்ளைக்கா?”

“அதத்தான் கேட்டேன். உங்க மாமா கொண்டு வந்த ஷிப்ட்டு, நீங்களே வரலன்னா எப்படிங்குறாரு மேனேஜரு.” சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்காமல் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டான். கோபமா வருத்தமா என்று இவருக்குப் பிடிபடவில்லை.

நதியா கடைசியாக வந்தாள். மாரீஸ்வரி அவளைக் கட்டிப் பிடித்து அழுது முடித்து, பலகாரப் பாத்திரத்தை எடுத்துவர உள்ளே போனாள். அப்பாவும் மகளும் மட்டும் நின்றார்கள்.

“ஆத்தா, அப்பா மேல வருத்தமா? உனக்காகத்தான் ஆத்தா ஆட்டுனேன். நீ கெஞ்சுன பார்வைய என்னால தாங்க முடியல” என்றார்.

நதியா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் வேணாம்னுதான்ப்பா தலைய ஆட்டுனேன்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. “என்னத்தா சொல்ற?”

“வேணாம்னு சொன்னேன்ப்பா. நீங்க இல்லைன்னு சொல்லுவீங்க, சொன்ன உடனே மாலையக் கழட்டி வச்சுட்டு எந்திரிச்சு உங்க பக்கத்துல வந்து நின்னுக்கிருவோம்னு உங்க மாப்பிள்ளையும் நானும் மணையில உக்காந்துக்கிட்டே பேசி வச்சிருந்தோம். அந்தாளு பேச ஆரம்பிக்கும்போதே எங்களுக்குப் புரிஞ்சு போச்சு. அந்தாளு கையால தொட்டாத்தான் தாலியா? சாயங்காலம் மில்லு கேட்டு முன்னாடி வச்சுக் கட்டிக்கிட்டிருப்போம். இத்தன வருசமா உங்களத்தான பாத்துக்கிட்டு வளந்தேன். இல்லைன்னுதான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

மாரீஸ்வரி பாத்திரத்தோடு வந்துவிட்டாள். நதியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வர்றேன்ப்பா” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். வேன் மார்க்கையன்கோட்டை ரோட்டில் திரும்பியது. சுருளியாண்டி அங்கேயே நின்றார். பக்கத்து டீக்கடை டிவியில் அவர் மறுபடியும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.